பீரோ பட்டறைக்காரர் அரசுக்கு விற்பது எப்படி: கடலூர், புதுவைக்காரர்களுக்கு ஒரு மின்கொள்முதல் வழிகாட்டி

கடலூர் முதுநகரில் பீரோ பட்டறை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு வாடிக்கையாளர்கள் உங்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். வடக்கே பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் போனால் புதுச்சேரி அரசின் துறைகள், ஜிப்மர், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். மேற்கே நெய்வேலியில் என்.எல்.சி. உள்ளூரிலேயே ஆட்சியர் அலுவலகமும் மாநகராட்சியும். இவர்கள் எல்லோரும் பீரோ, ரேக், மேசை வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பட்டறைக்கு வந்து பார்த்து வாங்கமாட்டார்கள். இணையத்தில் டெண்டர் போடுவார்கள், விலை கொடுத்தவர்களில் ஒருவரிடம் வாங்குவார்கள்.

பீரோவுக்குப் பதில் ஃபைல் அட்டை, பினாயில், சீருடை, கணினி எதை வைத்துக்கொண்டாலும் வழி இதேதான். முதல் ஆர்டர் பிடிக்க நினைக்கும் புதியவர்களுக்காக எழுதுகிறேன். என் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது கணினி தெரியாததால் இல்லை. ஆவணத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் விலை போடுவதால்தான். அதனால் பதிவு செய்வதைப் பற்றிச் சுருக்கமாகவும், படிப்பது, விலை போடுவது பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் எந்த வாசல் என்று பாருங்கள்

மத்திய அரசு நிறுவனம் என்றால் ஜெம் (GeM) என்ற இணையதளம். அரசு மின்சந்தை என்று தமிழில் சொல்லலாம். பேச்சில் எல்லோருக்கும் அது ஜெம்தான். 2016 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கினார்கள். அதற்கு முன் டில்லியில் இருந்த ஒரு தலைமை இயக்ககம் விலை ஒப்பந்தம் போட்டு மத்திய அரசுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2017 அக்டோபரோடு அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த பொது நிதி விதிகளில் 149-ஆம் விதி, ஜெம்மில் கிடைக்கும் பொருளை மத்திய அமைச்சகங்களும் துறைகளும் ஜெம்மிலேயே வாங்க வேண்டும் என்று சொல்கிறது. ஜிப்மரும் பல்கலைக்கழகமும் அதில் வாங்குகின்றன. என்.எல்.சி.யும் அங்கே வாங்குகிறது, தனக்கென்று ஒரு டெண்டர் தளமும் வைத்திருக்கிறது.

புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ள துறைகளும் ஜெம்மில் வாங்குகின்றன. கட்டட வேலை, சாலை வேலை போன்றவற்றுக்குப் புதுச்சேரி அரசின் சொந்த டெண்டர் தளம் இருக்கிறது. கடலூர் பக்கம் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம். இங்கே அடிப்படைச் சட்டமும் வேறு: 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம். இந்த இரண்டு தளங்களையும் கட்டியது ஒரே மத்திய நிறுவனம், தேசியத் தகவலியல் மையம். ஒன்றில் பழகிவிட்டால் மற்றது கைவந்துவிடும்.

புதியவர் ஜெம்மில் தொடங்குவது நல்லது என்பேன். சின்ன ஆர்டர்கள் அங்கே அதிகம். 2019-இல் திருத்திய விதிகளில் 25,000 ரூபாய் வரை நேரடியாகவும், 5 லட்சம் வரை குறைந்தது மூன்று உற்பத்தியாளர்களின் பொருளை ஒப்பிட்டுக் குறைந்த விலையிலும் வாங்கலாம் என்றிருந்தது. பிறகு அந்த வரம்புகளை 50,000, 10 லட்சம் என்று உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் கட்டாயம் இணையவழி விலைப்போட்டி, பேச்சில் 'பிட்'. ஆக, பட்டியலில் உங்கள் பொருளும் நியாயமான விலையும் இருந்தால், டெண்டரே போடாமல் நான்கு பீரோவுக்கு ஆர்டர் வர வாய்ப்பு உண்டு.

இனிஷியல் தகராறு

தேவையான காகிதங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. பான், கைபேசி எண் இணைத்த ஆதார், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்குத் தாக்கல், சிறுதொழில் என்றால் உத்யம் பதிவு. எல்லாம் பெட்டியில் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு மாதிரி இருக்கும்!

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. ஆதாரில் 'செல்வம் க'. பானில் அப்பா பெயரை விரித்து 'கந்தசாமி செல்வம்'. வங்கியில் 'க. செல்வம்'. உத்யமில் கடைப் பெயர் 'ஸ்ரீ அங்காளம்மன் ஸ்டீல்ஸ்', ஜி.எஸ்.டி.யில் அதே பெயர் 'அங்காளம்மன் ஸ்டீல் இண்டஸ்ட்ரீஸ்'. மனிதர் பார்த்தால் ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்வார். கணினி ஒப்புக்கொள்ளாது, பதிவு நடுவழியில் நின்றுவிடும். தப்பித்தவறிப் பதிவு முடிந்தாலும், பிறகு டெண்டரில் ஆவணம் சரிபார்க்கும் அலுவலர் 'பெயர் பொருந்தவில்லை' என்று எழுதி ஒதுக்கிவிடலாம்.

எனவே ஜெம் பக்கமே போவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். ஆதாரை முதலில் திருத்துங்கள், அதை வைத்துப் பான், அப்புறம் வங்கி, அதற்குப் பின் ஜி.எஸ்.டி., கடைசியில் உத்யம். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். சில வாரங்கள் பிடிக்கும், பரவாயில்லை.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஜெம்மில் விற்பனையாளராகப் பதிவதற்கும் கிடையாது. ஆனால் தேடுபொறியில் 'ஜெம் ரிஜிஸ்ட்ரேஷன்' என்று தட்டினால் அரசுத் தளம் போலவே வேடம் போட்ட தனியார் பக்கங்கள் வந்து நிற்கும், சில ஆயிரங்களைக் கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அது இல்லாவிட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பதியும்போது மற்றொன்றைக் கவனியுங்கள். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. வீடு கடலூரிலும் பட்டறை பாகூர் பக்கத்திலும் உள்ளவர்கள் நம் பகுதியில் ஏராளம். எந்த எண்ணில் விற்கப்போகிறீர்கள், சரக்கு எங்கிருந்து கிளம்பும் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அந்த முகவரியைக் கொடுங்கள். முகவரி ஒன்றும் சரக்கு கிளம்பும் இடம் வேறொன்றுமாக இருந்தால் பில் போடும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

பொருளைப் பட்டியலில் ஏற்றுதல்

ஜெம்மில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஒரு படிவம் உண்டு. உயரம், அகலம், தட்டுகளின் எண்ணிக்கை, தகட்டின் தடிமன் என்று கேட்டுக்கொண்டே போகும். பட்டறையில் நாம் 20 கேஜ், 22 கேஜ் என்று பேசுவோம்; அது மில்லிமீட்டரில் கேட்கும். 20 கேஜ் என்றால் ஏறத்தாழ 0.9 மி.மீ. தோராயமாக 1 என்று போட்டுவிடாதீர்கள். வாங்குபவர் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்து முழு லோடையும் திருப்பி அனுப்பினால், அந்த வண்டி வாடகை உங்கள் தலையில்தான்.

பொருள் எந்த நாட்டில் தயாரானது, அதில் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு என்பதையும் அறிவிக்க வேண்டும். 50 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முதல் வகுப்பு உள்நாட்டு விற்பனையாளர், 20-லிருந்து 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. பீரோவில் சிக்கல் இராது. கணினி, பிரிண்டர் வாங்கி விற்பவர்கள் கவனமாகப் போட வேண்டும், தயாரிப்பாளரின் அனுமதிக் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

படங்கள் உங்கள் பட்டறையில் உள்ள உங்கள் பீரோவைத்தான் காட்ட வேண்டும். இணையத்தில் எடுத்த பளபளப்பான படத்தைப் போட்டுவிட்டு, வந்த பொருள் வேறு என்று அலுவலகத்தில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிட் ஆவணத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

பிட் வெளியானால் ஒரு பிடிஎஃப் வரும். முதல் பக்கத்தில் பொருள், எண்ணிக்கை, கடைசித் தேதி. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொண்டு விலைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கடைசியில் இருப்பவை வாங்குபவர் தனியாகச் சேர்த்த நிபந்தனைகள். 'இரண்டாம் மாடியில் ஏற்றி, பொருத்திக் கொடுக்க வேண்டும்', 'முதலில் ஒரு மாதிரி காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்', 'பழைய பீரோக்களை அகற்ற வேண்டும்' போன்றவை அங்கேதான் இருக்கும். லாபமோ நஷ்டமோ அந்த வரிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

அதற்கு முன்னால் சரக்கு பெறுபவர்களின் பட்டியல் இருக்கும், கன்சைனி என்பார்கள். நம் பகுதிக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் இதுதான். புதுச்சேரித் துறை ஒன்று 30 பீரோ கேட்கிறது, அலுவலகம் கடற்கரைச் சாலைப் பக்கம், முதுநகரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம் என்று சந்தோஷப்படுவீர்கள். கன்சைனி பட்டியலைத் திறந்தால் புதுச்சேரியில் 20, காரைக்காலில் 6, மாஹேயில் 2, ஏனாமில் 2 என்று இருக்கலாம். புதுச்சேரி என்பது நான்கு துண்டு என்பது அப்போதுதான் உறைக்கும். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம். இரண்டு பீரோவுக்காக அரபிக்கடல் ஓரம் வரை வண்டி போக வேண்டும். அந்த வாடகையை 30 பீரோவுக்கும் பிரித்துப் போட்டீர்களா?

பிறகு தகுதி நிபந்தனைகள். மூன்றாண்டுச் சராசரி விற்றுமுதல், முன் அனுபவ ஆண்டுகள் கேட்டிருப்பார்கள். பக்கத்திலேயே குறு, சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டா, ஆம், இல்லை என்று ஒரு கட்டம் இருக்கும். 'இல்லை' என்றிருந்தால் உத்யம் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை, அந்தப் பிட்டை விட்டுவிடுங்கள். பிட்டில் கலந்துகொள்ளக் கட்டும் முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) கேட்டிருந்தால் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் சான்றிதழை ஏற்றியிருக்க வேண்டும்.

இன்னொரு சலுகை பலருக்கும் தெரிவதில்லை. 2012-ஆம் ஆண்டின் மத்தியக் கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசு அமைப்புகள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு, 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. பெரிய கம்பெனி ஒன்று குறைந்த விலை போட்டு, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு நீங்கள் இறங்கிவரச் சம்மதமா என்று கேட்டு ஒரு பங்கைத் தருவார்கள். உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் இருந்தாலும் கிடையாது. வெல்டிங் தெரிந்தவனுக்கு அரசு கொடுத்திருக்கும் நல்ல சலுகை என்று நான் இதைச் சொல்வேன்.

விலை போடும் கணக்கு

ஜெம்மில் நீங்கள் போடும் விலையில் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும்: ஜி.எஸ்.டி., வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கன்சைனி இடம் வரை. தனியாகக் கேட்க முடியாது.

ஒரு பீரோ எல்லாச் செலவும் லாபமும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரும்பு மரச்சாமான்களுக்கு 18 சதவீத வரி. எனவே போட வேண்டிய விலை 11,800. பழக்கதோஷத்தில் 10,000 என்று போட்டுவிட்டால், அதற்குள் வரி 1,525 ரூபாய் உள்ளே போய் உங்கள் கையில் 8,475-தான் நிற்கும். 30 பீரோவுக்கு 45,000 ரூபாய்க்கு மேல் கோவிந்தா. கடைவீதியில் 'பில் இல்லாமல் எவ்வளவு, பில்லோடு எவ்வளவு' என்று பேசிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது.

சில பிட்டுகளில் விலை திறந்த பிறகு தலைகீழ் ஏலம் நடக்கும். போட்டியாளர்கள் திரையில் விலையை இறக்கிக்கொண்டே போவார்கள், கடைசி நிமிடங்களில் யாராவது குறைத்தால் நேரம் நீளும். உட்காருவதற்கு முன்பே 'இதற்குக் கீழே இறங்கமாட்டேன்' என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏலத்தின் சூடு தலைக்கேறினால் நியாயமான கணக்கு மறந்துபோகும்.

விலை போட்டதோடு தூங்கிவிடக் கூடாது. தொழில்நுட்ப மதிப்பீட்டின்போது வாங்குபவர் விளக்கமோ விடுபட்ட ஆவணமோ கேட்பார், பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கும். மின்னஞ்சலும் தளமும் தினமும் பார்க்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் நீங்கள் வெளியே.

மாநில தளங்களுக்கு டோக்கன் வேண்டும்

தமிழ்நாடு, புதுச்சேரி டெண்டர் தளங்களில் நுழைய மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பம் தேவை. பென்டிரைவ் போன்ற ஒரு டோக்கனில் வரும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். இதை ஒருமுறை உங்கள் கணக்கோடு இணைத்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு டெண்டரிலும் அதுதான் உங்கள் கையெழுத்து. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. டோக்கனையும் கடவுச்சொல்லையும் கம்ப்யூட்டர் சென்டர்க்காரரிடமே விட்டுவைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை டீக்கடையில் விட்டுவருவது போலத்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும், வேலை முடிந்ததும் டோக்கன் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இந்தத் தளங்களில் விலைப்பட்டியல் ஓர் எக்செல் கோப்பாக வரும். பதிவிறக்கி, வண்ணமிட்ட கட்டங்களில் மட்டும் நிரப்பி, கோப்பின் பெயரை மாற்றாமல் ஏற்றுங்கள். பெயரை 'கடைசி விலை' என்று மாற்றிச் சேமித்தால் தளம் ஏற்காது. தகுதி ஆவணங்களை ஏற்றும் பகுதியான தொழில்நுட்ப உறைக்குள் தவறியும் விலையைக் காட்டும் காகிதம் போகக் கூடாது. எல்லாம் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' என்ற பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டு எடுத்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. ஏற்றியதோடு விட்டுவிட்டு எழுந்துபோனால் நீங்கள் கலந்துகொள்ளவே இல்லை.

மூடும் நேரம் தளத்தின் கடிகாரப்படிதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பக்கம் மின்சாரம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது மாவட்டமே நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. அவ்வளவு வேண்டாம், சாதாரண மழைக்கே நெட் போய்விடும். முந்தைய நாளே முடித்துவிடுங்கள். திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் கடைசி நாள் காலையில் மறுபடி பாருங்கள்.

தமிழ்நாட்டு டெண்டரில் அநியாயமாக ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், 1998 சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அலுவலக வராந்தாவில் நின்று புலம்புவதைவிட அது மேல்.

ஆர்டர் வந்த பிறகு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு போனால், தூரம் 25 கிலோமீட்டர்தான் என்றாலும் முள்ளோடை எல்லையைத் தாண்டுவதால் அது வெளிமாநில விற்பனை. பில்லில் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது வெளிமாநில விற்பனைக்கான ஜி.எஸ்.டி. போட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம் என்பதால், உள்ளூர்ப் பழக்கத்தில் இ-வே பில் இல்லாமல் வண்டியை விட்டுவிடுகிறார்கள். சோதனையில் பிடித்தால் அபராதம்.

தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம் பிடிப்பார்கள், அதிகபட்சம் 10 சதவீதம். முடியாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே தளத்தின் வழியாக நீட்டிப்புக் கேளுங்கள். போனில் ஸ்டோர்க்காரர் "பரவால்ல சார், அடுத்த வாரம் கொண்டாங்க" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

சரக்கு இறங்கியதும் கன்சைனி முதலில் தற்காலிக ரசீதும், பிறகு சோதித்துப் பார்த்து ஏற்புச் சான்றும் தளத்தில் போட வேண்டும். பொருள் வந்து 10 நாளுக்குள் ஏற்புச் சான்று, அதிலிருந்து 10 நாளுக்குள் பணம் என்பது ஜெம் விதி. நடைமுறையில் இது இழுக்கும், குறிப்பாக மார்ச் மாதத்தில். தகடு வாங்கிய கடன், ஆட்கள் கூலி எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் தாங்கும் அளவுக்குப் பணம் இருந்தால் மட்டும் பெரிய ஆர்டருக்குப் போங்கள். 45 நாளைத் தாண்டினால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. இதற்கென்று உள்ள மத்திய அரசுத் தளத்தில் புகார் போடலாம், அது உங்கள் பட்டறை இருக்கும் மாநிலத்தில் இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் கவுன்சிலுக்குப் போகும். ஓர் ஆர்டருக்காக உறவைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று பலர் தயங்குகிறார்கள். முதலில் எழுத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பெரும்பாலும் அதற்கே பில் நகர்ந்துவிடும்.

பணம் வரும்போது தொகை குறைந்திருந்தால் பதறாதீர்கள். வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அரசு அலுவலகம் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்யும். நம் 30 பீரோ கணக்கில் மூன்று லட்சத்துக்கு 6,000 ரூபாய். அது தொலைந்துபோகவில்லை. அலுவலகம் தன் மாதக் கணக்கைத் தாக்கல் செய்ததும் உங்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் பிடித்தத் தொகைப் பகுதியில் வந்து நிற்கும். அங்கே போய் 'ஏற்கிறேன்' என்று அழுத்தித் தாக்கல் செய்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். உங்கள் ஆடிட்டரிடம் மாதாமாதம் இதைக் கேளுங்கள். பல பட்டறைகளின் பணம் அந்தப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது.